மைக்கில் வராத பெயர்

'ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்குப் போறேன்' என்று வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சென்னையில் சொன்னால் வீடு ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும். பீரோ சாவி இடம் மாறும். மாமனாருக்குப் போன் போகும். 'அவன் ரேஸுக்குப் போறவன்' என்பது அங்கே தகவல் இல்லை, தீர்ப்பு. பழைய சினிமாக்களில் ஒரு ஆள் சீக்கிரம் சொத்தைத் தொலைக்கப் போகிறான் என்று காட்ட வேண்டுமானால், கையில் ஒரு ரேஸ் புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள். வசனமே வேண்டாம்.

தூத்துக்குடிப் பக்கம் அதையே சொல்லிப் பாருங்கள். யாரும் பதற மாட்டார்கள். 'மாடா, குதிரையா?' என்று கேட்பார்கள். 'ரெண்டும் உண்டாம்' என்றால், 'அப்ப நம்ம சின்னவனையும் கூட்டிட்டுப் போங்க. லீவுல வீட்டை ரெண்டாக்குதான்' என்பார்கள்.

ஒரே வார்த்தை. இரண்டு உலகம்.

முதல் உலகம் கிண்டி. அங்கே குதிரைப் பந்தயத்தின் வரலாற்றை 1777-லிருந்து தொடங்குவார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் வந்தது. ஏழை பாழைகளின் குடும்பம் இதில் அழிகிறது என்று 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்க ஒரு சட்டம் போட்டது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் வேகம்தான் உங்களுக்குத் தெரியுமே... 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. குதிரை மேல் பணம் கட்டுவது வெறும் குருட்டு அதிர்ஷ்டம் இல்லையாம். குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் எடை போட்டுக் கட்டுவதால் அது திறமை சார்ந்த ஆட்டமாம். அப்படியானால் இத்தனை வருஷம் தோற்றவர்கள் எல்லோரும் திறமையில் வீக் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சட்டத்தில் தப்பித்த கிண்டி, வாடகையில் மாட்டியது. 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, 160 ஏக்கர் மைதானத்துக்கும் சீல் வைத்தது.

இரண்டாவது உலகத்துக்குச் சீல் வைக்க முடியாது. ஏனென்றால் அதற்குக் கதவே கிடையாது. மைதானம் கிடையாது, கேலரி கிடையாது, டிக்கெட் கிடையாது. ஊரில் அம்மன் கோயில் கொடை என்றால் ஒரு நாள் காலையில் தார் ரோடு பந்தய ரோடு ஆகிவிடும். இன்ன ஊர் விலக்கில் கிளம்பி, இன்ன பாலம் வரைக்கும் போய், அங்கே நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் இடம்தான் எல்கை. எல்கைப் பந்தயம் என்று பெயர் வந்தது அதனால்தான். தூரத்தை 'போக வர இத்தனை மைல்' என்றுதான் நோட்டீஸில் போடுவார்கள். கிலோமீட்டர் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மாட்டுக்கு இன்னும் மைல் கணக்குதான்.

2023 மே மாதம் 21-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஒரு பந்தயத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. அதில் 14 பேர் இருந்தோம்.

இந்த மாதிரி வேன் பயணங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு தலைவர் இருப்பார். எங்கள் வேனில் அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன அண்ணாச்சி. கணக்கு வழக்குக்கு ஒருவர். உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர், டீக்குடித்த கிளாஸைக்கூட எண்ணித்தான் காசு கொடுப்பார். அப்புறம் லாரி புக்கிங் ஆபீஸ்காரர் இரண்டு பேர், சங்கு குளிக்கப் போகிற ஒரு தம்பி, மருந்துக்கடைக்காரர், இவர்களுடைய மச்சான்கள், மச்சானின் மச்சான்கள். கடைசி சீட்டில், அண்ணாச்சியின் பேரன். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். 'ஏன் தாத்தா?' என்று ஆரம்பித்தால் வண்டி நிற்கும்வரை நிறுத்தாத ரகம்.

அதிகாலை நாலரைக்கு வேன் எடுத்தது. மே மாசம் பாருங்கள், ஒன்பது மணிக்கு மேல் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. மனுஷனுக்கே அப்படி என்றால் மாட்டுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் விடிந்த உடனே முதல் வண்டியை விட்டுவிடுவார்கள். ஒரு பை நிறைய மக்ரூன், இன்னொரு பையில் இட்லிப் பொட்டலம், இரண்டு கேன் தண்ணீர். மதுரை ரோட்டில் குறுக்குச்சாலை வந்து, அங்கிருந்து மேற்கே ஒடித்தால் ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி. வ.உ.சி. பிறந்த ஊர் ஒன்று, கட்டபொம்மன் ஆண்ட ஊர் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கரிசல் காடு கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

'ரேஸ்னா எங்க நின்னு பாக்கணும் தெரியுமா?' என்றார் அண்ணாச்சி. 'கிளம்புத இடம் அரசியல்வாதிக்கு. கொடி அசைச்சு போட்டோ எடுத்துக்கிட்டு போயிருவாவ. முடியுத இடம் வண்டிக்காரனுக்கு. நம்மள மாதிரி ஆளுக்கு நடுவழிதான். ஓட்டம்னா என்னன்னு அங்கதான் தெரியும்.'

அப்படித்தான் ஒரு ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் வேனை ஓரங்கட்டினோம். முடிகிற இடத்துக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். எங்களுக்கு முன்னாலேயே ஒரு பெரியவர் அங்கே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய மொபெட், மடியில் ஒரு சாக்குப் பை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பந்தயம் பார்க்க வந்தவர் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதலில் பெரிய மாடு. அடுத்து சின்ன மாடு. கடைசியில் பூஞ்சிட்டு. பூஞ்சிட்டு என்றால் பறவை இல்லை. இளம் கன்றுகளுக்கான பந்தயத்துக்கு அப்படிப் பெயர். ஓடுகிறதைப் பார்த்தால் பெயர் வைத்தவர் மேல் மரியாதை வந்துவிடும்.

மாட்டு வண்டிப் பந்தயத்தை டி.வி.யில் பார்த்திருந்தால் நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். முதலில் வருவது சத்தம். தூரத்தில் பைக்குகளின் ஹாரன். பிறகு மைக் கட்டிய ஜீப், அதில் ஒரு ஆள் மூச்சு விடாமல் வர்ணனை. அதன் பின்னால் தரையே ஆடுகிற மாதிரி ஒரு குளம்புச் சத்தம். அப்புறம்தான் மாடு. ஒரு வண்டிக்கு இரண்டு பேர். சாரதி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். துணைச் சாரதி கொஞ்ச தூரம் வண்டியோடு ஓடுவார், ஏறுவார், மறுபடி குதிப்பார். இருபுறமும் ஜனம், நடுவில் ஒரு வண்டி போகிற அளவுதான் சந்து. வண்டி நெருங்கும்போது அந்தச் சந்து தானாக விரியும், போனதும் மூடிக்கொள்ளும்.

வர்ணனைக்காரர் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார். காரணம் இருந்தது. மூன்று நாள் முன்னால், மே 18-ம் தேதிதான், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. 'உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு, யாரும் நம்மள நிறுத்த முடியாது!' என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மைக்கில் முழங்கினார். அந்தத் தீர்ப்புக்கு நடுவே எப்போதும்வென்றான் ஊர் வண்டி மூன்றாவதாக வந்துகொண்டிருப்பதையும் அறிவித்தார். ஆம், அப்படி ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தோற்றால் மற்ற ஊர்க்காரர்கள் என்னென்ன சொல்வார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

மாடு முடிந்து குதிரை ஆரம்பிக்க அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். மரத்தடிப் பெரியவருக்கும் ஒன்று கொடுத்தார் அண்ணாச்சி.

'ஐயா எந்த வண்டிக்கு?' என்று கேட்டார்.

'எல்லா வண்டிக்கும்தான்' என்றார் பெரியவர். சாக்குப் பையைத் திறந்து காட்டினார். சுத்தியல், குறடு, உளி, ஒரு நீளமான அரம், பேப்பரில் மடித்த ஆணிகள், பத்துப் பதினைந்து லாடம்.

லாடம் கட்டுகிறவர்.

பேரனுக்கு அப்புறம் இட்லி இறங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். 'ஆணி அடிச்சா வலிக்காதா தாத்தா?'

'உன் நகத்தை வெட்டுனா வலிக்கா?'

'இல்ல.'

'கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டுனா?'

பையன் கையை இழுத்துக்கொண்டான்.

'அம்புட்டுதான் வித்தை' என்றார் பெரியவர். குதிரைக் குளம்பு நம் நகம் மாதிரி. வெளிச் சுவரில் உயிர் கிடையாது. அதற்கு ஒரு நூல் உள்ளே தள்ளினால் உயிர். ஆணி வெளிச் சுவருக்குள்ளேயே நுழைந்து, சாய்ந்து, மேலே வெளியே வந்துவிட வேண்டும். தட்டும்போது வருகிற சத்தத்தை வைத்தே ஆணி எங்கே போகிறது என்று தெரியுமாம். குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் மாதம் ஒன்று, ஒன்றரைக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, சமன் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் உயரம் கூடினாலும் முழங்கால் வரைக்கும் கணக்குத் தப்பிவிடும்.

'மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும்லா, அதனால ஒரு காலுக்கு ரெண்டு தகடு. மொத்தம் எட்டு. குதிரைக்கு நாலே நாலுதான். எட்டுல ஒண்ணு போனா மாடு எப்படியும் சமாளிச்சிரும். நாலுல ஒண்ணு போனா குதிரை அம்புட்டுதான்.'

'அப்ப நீங்க கிளம்புத இடத்துல இல்லாம இங்க ஏன் இருக்கீங்க?' என்றான் பையன்.

'கிளம்பும்போது எல்லாக் காலும் நல்லாத்தான் இருக்கும். ஆணி கழலுறது நடுவழியிலதான்.'

அண்ணாச்சி எங்களைப் பெருமையாகப் பார்த்தார். நடுவழி பற்றி அவர் சொன்னதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

குதிரைகள் வந்தன. எட்டு வண்டிகள். கிண்டிக் குதிரை மாதிரி நெடுநெடு என்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்கு மேல் மட்டக் குதிரை. ஆனால் ஓட்டம் வேறு ஜாதி. மாடு ஓடும்போது பூமி அதிரும். குதிரை ஓடும்போது பூமியில் தட்டிவிட்டுப் போவது மாதிரி இருக்கும். போகிறபோது ஒரு சிவப்புக் குதிரை முன்னால் போனது. திரும்பி வரும்போது அது இரண்டாவதாக வந்தது. வண்டியில் இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன்.

பாலத்தை நெருங்கும்போதே பெரியவர் எழுந்துவிட்டார். 'முன்னங்கால்... வலது' என்றார். எங்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சத்தம் மாறிவிட்டதாம். டக் டக் டக் டக் என்று வர வேண்டியது, டக் டக் டக் சளக் என்று வருகிறதாம்.

அந்தப் பையனும் அதைக் கேட்டுவிட்டான் போல. கயிற்றை இழுத்தான். இரண்டாவதாக வந்துகொண்டிருந்த வண்டி, எங்களுக்கு இருபதடி தள்ளி, நடு ரோட்டிலிருந்து ஓரத்துக்கு வந்து நின்றது.

கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. 'எடே, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தாண்டே! விட்டு அடி!' என்று நாலைந்து பைக்குகளிலிருந்து கத்தினார்கள். இரண்டாம் பரிசு 15,000 ரூபாய் என்று காலையிலிருந்து மைக் சொல்லிக்கொண்டிருந்தது. பையன் இறங்கி, குதிரையின் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கத்தியவர்களைப் பார்த்துச் சொன்னான்: 'நீ கால்ல ஆணியோட ரெண்டு கிலோமீட்டர் ஓடு. நான் வண்டிய எடுக்கேன்.'

அதற்குள் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வண்டிகள் தாண்டிப் போய்விட்டன. மைக் ஜீப்பும் முதல் வண்டியோடு போய்விட்டது.

பெரியவர் குதிரையின் காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்தார். லாடம் பாதி பெயர்ந்து, ஒரு ஆணி வளைந்து, நுனி குளம்பின் அடிப்பக்கம் திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் மேலே மிதிபட்டு உள்ளே போயிருக்கும். குறடால் ஒவ்வொரு ஆணியாக எடுத்தார். குதிரை மூக்கை விரித்து விரித்து மூச்சு வாங்கியது. ஒன்று தெரியுமா உங்களுக்கு? குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. நாய் மாதிரி, நம்மை மாதிரி, வாயைத் திறந்து இளைக்க அதற்கு வழியில்லை. எவ்வளவு ஓடினாலும் அந்த இரண்டு மூக்குத் துவாரம்தான். அதனால் அதற்கு எவ்வளவு முடியவில்லை என்பது வாயைப் பார்த்தால் தெரியாது. மூக்கையும் விலாவையும் பார்க்கத் தெரிய வேண்டும்.

'உள்ள போகல' என்றார் பெரியவர். அந்தப் பையன் அப்போதுதான் ரோட்டோரத்தில் உட்கார்ந்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கேனிலிருந்து தண்ணீர் வாங்கி, தன் சட்டையை நனைத்துக் குதிரையின் கழுத்தைத் துடைத்தான். பிறகு ஒரு குட்டியானை வரவழைத்து, குதிரையை ஏற்றி, தானும் பின்னாலேயே ஏறி நின்றுகொண்டு போனான்.

பரிசளிப்பு சத்தம் இரண்டு கிலோமீட்டர் தாண்டிக் காற்றில் வந்தது. குதிரை உரிமையாளர் பெயர், சாரதி பெயர், ஊர்ப் பெயர், முதல் பரிசுத் தொகை கொடுத்தவர் பெயர், குத்துவிளக்கு கொடுத்தவர் பெயர், மைக் செட் பெயர், பந்தல் போட்டவர் பெயர்... எல்லாம் வந்தது. பெரியவர் அரத்தை ஒரு துணியால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

'உங்களுக்கு அப்புறம் இந்த வேலைக்கு யாரு ஐயா?' என்று கேட்டார் கணக்கு அண்ணன்.

'மவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். விளாத்திகுளம் பக்கம் ஒருத்தரு இருக்காரு, நல்ல கை. ஆனா அவருக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட.'

இதை ஏன் உங்களிடம் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இதே கடற்கரையில் இந்தக் கதை ஒரு தடவை நடந்து முடிந்திருக்கிறது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில் பழையகாயல் என்று ஒரு ஊர் வரும். பஸ் ஒரு நிமிஷம் நிற்கும், போய்விடும். பாண்டியர் காலத்தில் காயல் என்றால் உலகத்துக்கே தெரியும். தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் இருந்த பெரிய துறைமுகம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இரண்டு விஷயங்களைக் கண்டு அசந்துபோய் எழுதி வைத்தார். ஒன்று, முத்துக் குளிப்பு. இன்னொன்று, குதிரை.

ஹோர்முஸ், கிஷ், ஏடன், அரேபியக் கரை என்று மேற்கேயிருந்து வருகிற கப்பல் எல்லாம் குதிரையை ஏற்றிக்கொண்டு காயலுக்குத்தான் வந்தன. பாண்டிய ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்க ஆசைப்பட்டார். அவருடைய சகோதரர்கள் தனித்தனியாக அதே அளவு. ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கு மேல். பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதிய கணக்கு இன்னும் பெரிது. வருஷத்துக்கு 10,000 குதிரை, ஒன்று 220 தினார், மொத்தம் 22 லட்சம் தினார். வழியில் கடலில் செத்துப் போகிற குதிரைக்கும் ராஜாவே பணம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். எப்படி வியாபாரம் பாருங்கள்!

ஏன் வருஷா வருஷம் இத்தனை வாங்க வேண்டும்? அதற்கும் மார்க்கோ போலோ பதில் எழுதியிருக்கிறார். வருஷக் கடைசியில் அதில் நூறு குதிரைகூட மிஞ்சாது. எல்லாம் செத்துப் போகும். ஏனென்றால் குதிரையை எப்படி வைத்துக்கொள்வது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. சோற்றோடு கறியைச் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்கிறார். வஸ்ஸாஃப், வறுத்த தானியமும் வெண்ணெயில் சமைத்த தானியமும் கொடுத்து, குடிக்கக் காய்ச்சிய பசும்பால் வைத்தார்கள் என்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதில் எங்கேயும் கொடுமை இல்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரம். பிரியம் கொள்ளை கொள்ளையாக இருந்திருக்கிறது. புல் தின்கிற பிராணிக்குப் புல்லும் கொள்ளும் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அடுத்து அவர் சொல்வதுதான் நெஞ்சில் தைக்கிறது. குதிரை வியாபாரிகள் லாடம் கட்டுகிற, குதிரைக்கு வைத்தியம் பார்க்கிற ஆட்களை அழைத்து வருவதே இல்லையாம். தானாக யாராவது கிளம்பினாலும் போகவிடாமல் தடுத்துவிடுவார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்?

அப்படியானால் இங்கே ஒரு பேரரசின் பணம் வருஷா வருஷம் கரைந்ததற்குக் காரணம் எதிரி இல்லை, பஞ்சம் இல்லை. ஒரு சாக்குப் பை. சுத்தியலும் குறடும் அரமும் வைத்த ஒரு சாக்குப் பை இந்தக் கரையில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்த ஆளை வியாபாரி வரவிடவில்லை. இன்றைக்கு அந்த ஆள் நம்மிடமே இருக்கிறார். நாம்தான் போகவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் கேட்கலாம், பந்தயம் என்பதே பிராணிகளுக்குக் கொடுமைதானே, நிறுத்திவிட்டால் என்ன என்று. நியாயமான கேள்வி. கோர்ட்டும் அதைக் கேட்டது. காட்சிப்படுத்தக் கூடாத பிராணிகளின் பட்டியலில் 2011-ல் மத்திய அரசு காளையைச் சேர்த்தது. 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. காளையின் உடம்பு பந்தய ஓட்டத்துக்காக அமைந்தது இல்லை என்று சொன்னது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்றாகிவிட்டது. மாட்டுக்காக இத்தனை பேர் பேசினார்கள். ஒரு பக்கம் வதை என்றார்கள், மறுபக்கம் நாட்டு மாட்டினம் பிழைக்கப் பந்தயம்தான் வழி என்றார்கள். இரண்டு பக்கமும் மாட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

குதிரைக்கு வக்கீல் இல்லை. அந்தத் தடைப் பட்டியலில் குதிரை இல்லை. ரயிலடியில் ஜட்கா வண்டி நின்ற காலம் போய், அதற்கு இருந்த வேலையும் போய்விட்டது. இன்றைக்கு நம் கிராமங்களில் குதிரை வளர்க்கிற பலர் பந்தயத்துக்காகத்தான் வளர்க்கிறார்கள். பந்தயத்தை நிறுத்தினால் அந்தக் குதிரைகளுக்கு யார் தீனி போடுவார்கள் என்று தெரியாது. நடத்தினால், அந்தப் பாலத்துப் பெரியவர் மாதிரி ஒருவர் இல்லாமல் நடத்துவது பாவம். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், முதல் தடவை பிடிபட்டவருக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று எழுதினார்கள். ஐம்பது ரூபாய்க்கு எங்கள் வேனில் இருந்த மக்ரூன்கூட கால் கிலோ வராது. ஆக, சட்டத்தை மட்டும் நம்பி ஒரு குதிரையின் காலை ஒப்படைக்க முடியாது. அந்தப் பையன் கயிற்றை இழுத்தது சட்டத்துக்குப் பயந்து இல்லை. அவனுக்குச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கிற காது யாரோ பழக்கிக் கொடுத்தால்தான் வரும்.

தெரிந்த ஒரு வித்தை ஒரு தலைமுறையில் காணாமல் போகுமா என்று சந்தேகமாக இருந்தால் தூத்துக்குடிக்காரர்களைக் கேளுங்கள். இந்தக் கரையில் முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். சிப்பி கிடைக்காமல் நின்றது. அன்றைக்கு முத்துக்காக முங்கியவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் வேனில் வந்த சங்கு குளிக்கிற தம்பி நன்றாக மூச்சடக்குவார், ஆனால் முத்துச் சிப்பிப் பார் எங்கே என்று அவருக்குக் காட்ட ஆள் இல்லை. கடல் அங்கேயேதான் இருக்கிறது. அடையாளம் சொல்கிறவர்தான் இல்லை.

அந்தக் கதி இதற்கும் வர வேண்டாம். பெரிய செலவு எதுவும் வேண்டாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தப் பெரியவர்களில் நாலு பேரை அழைத்து, கூலி கொடுத்து, நம் ஊர்ப் பையன்கள் பத்துப் பேருக்குக் குளம்பு பார்க்கச் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் போதும். பத்து வேண்டாம், மூன்று பேர் தேறினால் ஒரு தலைமுறைக்குத் தாங்கும்.

திரும்பி வருகிற வழியில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்த்தோம். 1974-ல் நினைவாகக் கட்டியது. பழைய கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான். எல்லோரும் கோட்டைச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சியின் பேரன் மட்டும் கட்டபொம்மனின் குதிரைக்கு யார் லாடம் கட்டினார் என்று கேட்டான். தாத்தாவுக்குத் தெரியவில்லை. பதில் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரித்திரத்திலும் மைக் ஜீப் முதல் வண்டியோடுதான் போகிறது.

அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிற விழாக் கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முதல் பரிசு இன்னார், இரண்டாம் பரிசு இன்னார், குத்துவிளக்கு உபயம் இன்னார் என்று போடுகிறீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: லாடம் இன்னார். காலையில் வண்டிகளை விடுவதற்கு முன்னால் அவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு துண்டு போடுங்கள். அவர் ஒவ்வொரு காலையும் தூக்கிப் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகு கொடியை அசையுங்கள்.

துண்டு போட்டு மைக்கில் பெயர் சொன்னால், கூட்டத்தில் நிற்கிற யாரோ ஒரு பையனுக்கு அந்தச் சாக்குப் பையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும்.